குறிப்புகள், ஏதுமிருப்பின்

வேரவிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது
சோளகம் முற்றத்துக் கொடியில் கிடந்த சாரங்களை
ஊதிப் பெருக்கிக்கொண்டிருந்தது.
முறைப்பாட்டாளர்: புஸ்பகாந்தி, வயது நாற்பத்தெட்டு.
முறைப்பாடு: காத்தாடி.
அவ்வளவுதான் எழுதியிருந்தா.

ஒலிமானியை முக்காலியில் ஏற்றி
அதன் வாய்க்கு ஸ்பொஞ்ச் உருண்டை மாட்டினேன்.
சுவரிலிருந்து மூன்றரை மீற்றர்,
நிலத்திலிருந்து ஒன்றரை.
நாயைக் கட்டவேண்டும்.
காற்று வினாடிக்கு ஐந்து மீற்றரைத் தாண்டினால்
அளவீடு செல்லாது.

"ஐஞ்சைத் தாண்டினாத்தானே தம்பி
அது வடிவாச் சுத்தும்?"

விதியை எழுதியவர்கள்
யன்னல் பூட்டிய அறையில் இருந்திருப்பார்கள்.
நான் அதைச் சொல்லவில்லை.
தேத்தண்ணியைக் குடித்தேன்.

பதினொன்றரைக்குக் காற்று
நாலேமுக்காலுக்கு இறங்கியது. அளக்கலாம்.
பனைகளுக்கு மேலே, கடல் பக்கம்,
பன்னிரண்டு சிவப்பு விளக்குகள்
ஒரே நேரத்தில் கண் மூடி
ஒரே நேரத்தில் திறந்தன.
வ்ஊம்.
பிறகு ஒன்றுமில்லை.
வ்ஊம்.
நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று, நாற்பத்திரண்டு.
எல்லை நாற்பத்தைந்து.
தவளைகளையும் ஓலைச் சலசலப்பையும் கழித்தால்
இன்னும் குறையும்.

திடீரென்று இலக்கம் எகிறியது.
ஐம்பத்தொன்று. ஐம்பத்துமூன்று.
வேலிக்கு அங்கால் றெஜினோல்டின் கூரையில்
தகரப் பீப்பாவை நெடுக்காய்ப் பிளந்து
பழைய டைனமோவில் பூட்டிய சின்னது ஒன்று
கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.
ஒரு பட்டறி, இரண்டு பல்ப்,
வலை பொத்த வெளிச்சம். ஆள் கடலில்.

பெரியவற்றுக்கு என் கோப்பில் இருபது பக்கம்.
சின்னவற்றுக்கு ஒரு வரி:
மேற்படி எல்லை இவற்றுக்கும் பொருந்தும்.
ஆக, அன்றிரவு வேரவிலில்
சட்டத்தை மீறியது றெஜினோல்ட் மட்டும்.

"அதை எழுதாதேங்கோ" என்றா.
"அது சும்மா கத்துது.
அது கத்தினா எனக்கு நித்திரை வரும்.
மற்றதுதான்..."

வ்ஊம். ஒரு விரலை உயர்த்தினா.
விரல் இருட்டில் அப்படியே நின்றது.
வ்ஊம். இறக்கினா.

"இதுக்கிடையில. இந்த இடம்.
குத்துற சத்தம் கேட்டா
விழுற சத்தம் மட்டும் எண்ணிப் பழகின ஆக்கள் நாங்கள்.
அதுக்குள்ள பங்கருக்க இறங்கோணும்.
இப்ப ஒண்டும் விழாது. தெரியும்.
தெரிஞ்சும் எண்ணுறன்.
முந்தநாள் பதினோராயிரத்தில விட்டிட்டன்,
பால்காரன் வந்திட்டான்."

என் படிவத்தில் சராசரிக்குக் கட்டம் இருந்தது,
உச்சத்துக்கும் இருந்தது.
இரண்டு வ்ஊம்களுக்கு நடுவே கிடப்பதைக்
கருவி நல்ல இலக்கமாகவே பதிந்தது.
முப்பத்தாறு.

விடிந்ததும் மோட்டச்சைக்கிள் பெட்டியில் இருந்த கிறீஸை
ஒரு தேக்கரண்டியில் வழித்தெடுத்து
ஏணி வைத்து றெஜினோல்டின் கூரையில் ஏறினேன்.
உத்தியோகத்தர் கூரையில் ஏறலாமா என்பதற்கும்
அந்தக் கோப்பில் பக்கமில்லை.
திரும்ப அளந்தேன்.
முப்பத்தெட்டு.

மீறல்: இல்லை.
மீறல்: இல்லை.
குறிப்புகள், ஏதுமிருப்பின்: ஒன்றரை அங்குலப் பெட்டி.
"இடைவெளி" என்று எழுதினேன்.
மேலிடத்தில் கேட்பார்கள் என்று பயந்து
அதற்குக் கீழே
"காற்று தென்மேற்கு" என்றும் எழுதினேன்.

பத்து மணிக்குக் கரைக்கு வந்த றெஜினோல்ட்
கூடையை இறக்காமல்
கூரையை அண்ணாந்து பார்த்தபடி நின்றான்.
"சேர், சுத்துது. சத்தத்தைக் காணேல்ல.
நாளைக்கு மூண்டு மணிக்கு
பாயில கிடந்தபடி
காத்து எவ்வளவெண்டு எப்பிடி அறியிறது?
போட்டை இறக்கிறதோ, விடுறதோ?"

கூடையில் நண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின.
வேலிக்கு அப்பால்
புஸ்பகாந்தி விறகு கொத்துவதை நிறுத்தி
தலையைச் சரித்துக்கொண்டு நின்றா,
எது குறைகிறதென்று
இன்னும் பிடிபடாதவர்போல.