ஒன்பதில் நான்கு

அரவேணுவில் ஆறு மணி ஷிஃப்டுக்கு
ஃபேக்டரிக்கு இறங்க மூன்று வழி:
குழாய்ப் பாதை, பள்ளிக்கூடப் படி,
சில்வர் ஓக் ஓரமாய் ஒரு சறுக்கல்.

நேற்றிரவு காட்டெருமை இரண்டு வந்ததாம்.
கொழுந்து எடைச் சீட்டைத் திருப்பிக்
கட்டம் போட்டேன்.
எது வேண்டுமானாலும் எங்கேயும் நிற்கலாம்;
மூமூணு ஒன்பது.
படியில் இரண்டுமே இல்லாதவை நான்கு.
பாதிகூட இல்லை.

சீட்டைப் பிடுங்கிப் பார்த்தாள் ஜெபமணி.
"ஒண்ணு தாய், இன்னொண்ணு பால்குடி.
நீ எப்படிப் பிரிச்சு நிறுத்தினே?"

ஆறு கட்டங்களை அடித்தேன்.
மிச்சம் மூன்று.
அதில் இரண்டு நமக்கு.

டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்துப்
படியிறங்கினோம்.
பதினொன்றாம் படிக்குக் கீழே
பனிக்குள்
பெரிதாய் ஒரு மூச்சு,
பக்கத்தில் சின்னதாய் இன்னொன்று.

அந்த மூன்றாவதும்
கணக்கில் இருந்ததுதானே.