எடை ஏத்து

ஷியர்ஸ் பால ஏற்றத்தில் நாற்பதைத் தாண்டவில்லை வண்டி.
பின்கதவில் ஒட்டிய 'எழுபது' வட்டம்
கரும்புகைக்குள் வந்தவர்களுக்கு நல்ல பகடி.

டீசல் ஃபில்டர் மாற்றியாயிற்று. காற்று ஃபில்டரும்.
காக்கி புக்கிட்டில்
டார்ச்சை வாயில் கவ்வியபடி குனிகிறார் ரோஸ்லான்.
நின்ற இடத்தில் எஞ்சின் சீராக உறுமுகிறது,
டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்ட பிள்ளை.

"பொய் சொல்லுது லா. எடை ஏத்து."

தெம்பனிஸ் போகவேண்டிய டைல்ஸ் பசை,
இருபது மூட்டை.
ஜன்னலுக்கு வெளியே அவர் காதை நீட்ட
பட்டறைக் கட்டடத்தின் சுழல்பாதையில்
இரண்டாம் கியரில் ஏறுகிறோம்.
மூன்றாம் மாடி, நான்கு.
ஐந்தில்
பல்லிடுக்கில் மூச்சை இழுத்ததுபோல்
ஒரு சத்தம்.

டர்போ குழாயின் அடிவயிற்றில்
கிளிப்பை ஒட்டி ஒரு கீறல்.
சும்மா இருக்கையில் உதடு மூடியிருக்கும்.
சுமந்தால்தான் திறக்கும்.
இரண்டு மாதமாக இதைத்தான்
ஏற்றத்துக்கு ஏற்றம் திட்டியிருக்கிறேன், சோம்பேறி என்று.

குழாய் நாற்பத்தைந்து வெள்ளி.
சிஓஇ முடியப் பதினோரு மாதம்.
"போடவா, அப்படியே ஓட்டிக்கிறியா?"

போடுங்கள் என்றேன்.
மூட்டைகளை மட்டும் இறக்கவேண்டாம்,
ஒன்பதரைக்கு அங்கே
காரை பூசிய தரையோடு காத்திருக்கிறார்கள்.