பேலன்ஸ் திருகி

செவ்வாய்ப்பேட்டை இரும்புக் கடையில்
எடை போட்டுத்தான் கொடுத்தான் அன்வர்தீன்:
கழித்துக்கட்டிய ஏற்காட்டு ஆம்னியின் ஸ்டீரியோ,
ரெண்டு ஆறங்குல ஸ்பீக்கர், ஒரு பிடி வயர்.
மாம்பழப் பெட்டிப் பலகை அதிர்ந்தது, ஆகவில்லை.
ப்ளைவுட் அறுத்தேன். ஓட்டை கொஞ்சம் கோணல்.

கறுப்பு எர்த்துக்கு, சிவப்பு சாவிக்கு,
மஞ்சள் ஞாபகத்துக்கு.
சாவிதான் இல்லையே;
சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாய் முறுக்கி
பழைய யுபிஎஸ் பேட்டரியில் கொடுத்தேன்.
பாடியது.
இடது மட்டும்.

மூன்று ராத்திரி வலதைப் பிரித்தேன்.
ஈயம் வைத்தேன், கூம்புத் தாளை ஒட்டினேன்,
அன்வர்தீனை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.
நாலாம் நாள் பரமேசு
டீ கிளாஸைக் கீழே வைக்காமலே சொன்னாள்:
"பேலன்ஸ் ஒரே பக்கமா இருக்கு பாரு."

இருந்தது.
துரு பிடித்து இறுகும்வரை
வருஷக்கணக்கில் அங்கேயே.

இருபது கொண்டை ஊசி.
பனியில் எதிர்விளக்கு தெரியாது.
திருப்பத்துக்கு அப்பால் இறங்கிவரும் ஹாரனுக்காக
ஜன்னலோரக் காதைக்
காலியாக வைத்திருக்கிறார்
பேர் தெரியாத ஓட்டுநர்.

குறடு போட்டு நடுவுக்குத் திருகினேன்.
சனிக்கிழமை மொட்டைமாடியில்
ரெண்டு பக்கமும் அலறியது.

கீழே பரமேசு
கேட்டைத் தட்டிக்கொண்டே இருந்தாளாம்.