வேலிக்கு டிக் போடவில்லை

சுங்காயில் இருபத்துநாலு மணி நேர டோபிக் கடை.
மூன்றாம் நம்பர் டிரையருக்குப் பின்னால்
ஒரு பிளக் பாயிண்ட்.
எங்கள் ஆபீஸ் அதுதான்.
யாரும் விரட்டாதவரை வாடகை இல்லை.

துர்கேஷ் டயர் கடையிலிருந்து நேராக வருவான்,
நகக்கண்ணில் கிரீஸோடு.
பதினாறுக்குப் பதினாறு கட்டத்தில்
செம்பனைக் குலை வரைகிறான், பதினோராவது தடவை.
"தூரத்திலேர்ந்து பாத்தா தீச்சட்டி மாதிரி இருக்குடா"
என்கிறான் வெய் ஷெங்,
எங்களோடு ஆறு வருஷம் படித்த தமிழில்.
ஒலி அவன் பொறுப்பு.
பெரிய கால்வாய்க்குள் போனை இறக்கி
மழையைப் பிடித்து வந்தவன்.
போன் போனது. மழை கிடைத்தது.

நான் மில்லில் எடைமேடைக் கிளார்க், நைட் ஷிப்ட்.
சரக்கோடு ஒரு எடை, காலியாய் ஒரு எடை,
கழித்து வருவதற்குத்தான் காசு.
லோரிக்கும் லோரிக்கும் நடுவே ஒன்பது நிமிஷம்.
அதற்குள் ஒரு வரி எழுதி
முந்தாநாள் எழுதிய இரண்டை அழிப்பேன்.

போன மாதம் முழுக்க எழுத்தோடு சண்டை.
ஆங்கிலம் ஒழுங்காக வந்தது. மலாயும் வந்தது.
தமிழில் 'கேட்' என்று அடித்தால்
கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது,
மாட்டுக்கு வாலில் முளைத்ததுபோல்.
வாய் பிறகு சொல்வதைக்
கை முதலில் எழுதும் மொழி இது என்று
எங்கோ உட்கார்ந்து நிரல் எழுதியவனுக்கு
யார் போய்ச் சொல்வது?
ஒவ்வொரு சொல்லையும் படமாக வரைந்து ஒட்டினோம்.
நூற்று நாற்பத்திரண்டு சொல்.
அதற்கு மேல் கதையில் எவரும் பேசக்கூடாது
என்று முடிவாயிற்று.

சனிக்கிழமை மொனிருல் வந்தார்.
இரண்டு சட்டை, ஒரு கைலி.
மெஷின் இன்னும் இருபத்தாறு நிமிஷம் ஓட வேண்டும்.
"விளையாடிப் பாருங்க."
நாளெல்லாம் குலை வெட்டிவிட்டு வந்த மனுஷன்.
குலை வெட்டச் சொல்லித் துடித்த அம்புக்குறியைப்
பார்த்தார். பார்த்துவிட்டு
நேரே வேலிக்குள் நடந்தார்.

வேலி தடுக்கவில்லை.

ஒரே ஒரு சின்னப் பெட்டி,
மோதினால் நிறுத்து என்று சொல்லும் பெட்டி,
அதில் டிக் போட மறந்திருக்கிறேன்.

புல் முடிந்தது. படமும் முடிந்தது.
அப்புறம் வெறும் சாம்பல், நாங்கள் வரையாத இடம்.
அதிலும் நடந்தார்.
குட்டி மனிதனின் கால்கள் இரண்டே படமாய்
மாறி மாறி, மாறி மாறி.
வெய் ஷெங்கின் மழை மட்டும் கூடவே பெய்தது.
"சானா ஆப்பா ஆடா?" என்று கேட்டார்.
அங்கே என்ன இருக்கிறது என்று
எங்கள் மூன்று பேருக்கும் தெரியவில்லை.
மெஷின் கூவியது. எழுந்து போய்விட்டார்.

பிழை, அடை, என்கிறான் வெய் ஷெங்.
பத்து நாளில் வெளியீடு;
ஐந்து ரிங்கிட் கொடுத்தவன் சாம்பலைப் பார்த்தால்
காசைத் திருப்பிக் கேட்பான்.
அடைக்காதே, என்கிறான் துர்கேஷ்,
ஆனால் அந்தப் பக்கம் ஒரு புல்கூட வரைய மாட்டானாம்,
கை வலிக்கிறதாம்.
வாங்கப்போவதாகக் குறித்து வைத்தவர்கள் நாற்பத்துமூன்று பேர்.
அதில் ஒன்பது பேர் மாமா, சித்தி வகையறா,
வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்கள்.

இப்போது மணி மூன்று பத்து.
அந்தப் பெட்டியின் மேல்தான் அம்பை வைத்திருக்கிறேன்.
அழுத்தவில்லை.
சாம்பலில் வெகு தூரத்தில்
துர்கேஷுக்குத் தெரியாமல் ஒரு பச்சைப் புள்ளி வைத்தேன்.
மரமா, விளக்கா, யாரோவா,
இன்னும் முடிவு செய்யவில்லை.

வெளியே ஹாரன்.
முப்பத்தொரு டன் மேடையேறி நிற்கிறது.
சேவ் செய்துவிட்டு
ஜன்னலைத் தள்ளித் திறக்கிறேன்.