நாற்பத்தேழாம் பக்கம்

கோட்டைமுனைப் போட்டோக்கொப்பிக் கடையில்
கரண்ட் ஒருமுறை துடித்துப் போய் வந்தது.
இடப்பக்கம் நாற்பத்தாறு, தெளிவு.
வலப்பக்கம் முழுக் கறுப்பு.
பார்க்காமல் அந்தக் கறுப்பையே
மூன்று பிரதி எடுத்துக் கட்டித் தந்தான்.
மூலப் புத்தகம் அன்றிரவே
கொழும்பு பஸ் ஏறிவிட்டது.

கதையில் ஒரு நகரம்.
மாலை ஆறுக்கு மணியடித்தபடி வண்டி வரும்.
அன்றைய நாளை நாலாய் மடித்து
அதற்குள் போட்டுவிட வேண்டும்.
நிறுத்து, ரசீது தருவார்கள்.
விடிந்தால் எல்லார் முகத்திலும்
கழுவிய பீங்கானின் அமைதி.
ஒரு பையன் மட்டும்
தம்பியின் இருமலைச்
சப்பாத்துக்குள் ஒளித்து வைத்திருக்கிறான்.
நாற்பத்தாறில் வண்டி அவன் படலையில் நிற்கிறது.
நாற்பத்தெட்டில் அவன்
வெறுங்காலோடு நடந்துகொண்டிருக்கிறான்.

இடையில் என்ன நடந்தது என்று
ரியூசன் சேரின் குறிப்பில் இல்லை.
அதில் ஐந்து காரணங்கள் இருந்தன.
தகரக் கூரைக்குக் கீழ் இருநூற்றுப் பத்துப் பேர்
வியர்வையோடு ஒரே குரலில் பாடமாக்கினோம்:
"எல்லோரும் ஒன்றுபோலச் சிந்திப்பது
மனிதனை அழிக்கும்."
இன்னொருக்கால், என்றார்.
இன்னொருக்கால் சொன்னோம்.

வாசிகசாலை மேல்மாடியில்,
மின்விசிறிக்குக் கீழே உள்ள மேசை எங்களுக்கு.
நஸ்மியாதான் சொன்னாள்,
ஆளுக்கொரு நாற்பத்தேழு எழுதுவம் என்று.

அவளுடையதில்
சப்பாத்தைத் திறந்தார்கள்,
உள்ளே ஒரு தொப்பி இருந்தது.
இஷாத் தொழுகைக்குப் போன தலைக்குரியது,
பதினொரு வயது அளவு.
மேலே எதுவும் எழுதாமல்
பேனையை மூடிவிட்டாள்.

டிலக்‌ஷன் நாவலடி.
அவனுடையதில்
சப்பாத்தைக் கவிழ்த்தார்கள், மணல் கொட்டியது,
வண்டி நிறைந்தது, தெரு நிறைந்தது,
மணியடிப்பவனின் இடுப்பு வரை வந்தும்
கொட்டிக்கொண்டே இருந்தது.
"மறுகா?" என்றேன்.
"மறுகா ஒண்டுமில்ல. மணல்தான்."

எனக்கு வரவில்லை.
எங்கள் வீட்டில் அந்தப் பக்கம்
எப்போதும் கறுப்புத்தான்.
அப்பாவுக்குத் தமையன் ஒருவர் இருந்தார் என்பது
பழைய குடும்ப அட்டையில்
அடிமட்டம் வைத்துக் கீறிய ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே உற்றுப் பார்த்தால்
ஒரு 'ஞா' தெரியும்.
ஞானமா, ஞானசீலனா,
கேட்டால் அப்பா வானொலியைக் கூட்டிவைப்பார்.
நாலு நாள் கழித்து ஒரே வரி எழுதினேன்:
பையன் ரசீது கேட்டான், அவர்கள் கொடுக்கவில்லை.

ஆடியில் உண்மையான பக்கம்
டிலக்‌ஷனின் போனுக்கு வந்தது.
மூன்று தலைகள் ஒரு திரைக்கு மேல்.
அதில் கதையே இல்லை.
ரசீதின் மாதிரி ஒன்றை
அப்படியே அச்சிட்டிருந்தார்கள்.
பெயர். திகதி. எடை. ஒப்பம்.
நான்குக்கும் நேரே புள்ளிக்கோடு, வெறுமை.

"இவ்வளவுதானா கா?" என்றான் அவன்.
நஸ்மியா படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி
புள்ளிகளுக்கு நடுவில் எதையோ தேடினாள்.
பிறகு கீழே போய்
ஆளுக்கொரு பிளேன்ரீ குடித்தோம்.
வாவிப் பக்கமிருந்து வந்த காற்றில்
அவளுடைய பிரதி
தானாகப் புரண்டு கறுப்பில் நின்றது.
மாற்றி ஒட்ட வேண்டும் என்று
ஒருவரும் சொல்லவில்லை.

பரீட்சையில் நாலாவது வினா.
சேர் தந்த காரணங்கள் நான்கை
எழுத்துப் பிசகாமல் எழுதினேன்.
ஐந்தாவது வரும்போது கை நின்றது,
மண்டபத்தில் எல்லாப் பேனைகளும்
ஒரே வேகத்தில் ஓடும் சத்தம் கேட்டது.
எழுதினேன்:
நாற்பத்தேழாம் பக்கத்தில்
பையன் ரசீது கேட்கிறான்.

திருத்துகிறவர் எந்த ஊரோ.
அவர் கையில் நல்ல பிரதி இருக்கும்.
தேடிப் பார்க்கட்டும்.