நூறு வரை

இரவு இரண்டு மணி. தருமபுரி பெரியாஸ்பத்திரி லேபில்
விழித்திருப்பவை மூன்று:
ஃபிரிட்ஜ்,
நான்,
சென்றாயனின் ஒரு சொட்டு.

பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் சுமை இறக்குகிறவர்.
மரப்பெட்டியின் ஆணி
செருப்பைத் துளைத்து வலது குதிகாலில்.
சுண்ணாம்பு வைத்துக் கட்டிக்கொண்டு
இன்னும் நாற்பது பெட்டி இறக்கியிருக்கிறார்.
அது சனிக்கிழமை. இன்று செவ்வாய்.
கால் மினுங்குகிறது,
தொட்டால் உடையும் பழம்போல.

கண்ணாடித் துண்டில் தேய்த்தேன், சாயம் ஊற்றினேன்,
குழாயில் அலசி ஃபேனுக்குக் கீழே காயவைத்தேன்.
எண்ணெய் ஒரு துளி. லென்சை இறக்கினேன்.
சிவப்பணுக்கள் சந்தைக் கூட்டம், அவற்றை விடு.
வெள்ளையணு என்று பேர்தான்,
சாயம் குடித்தால் ஊதா.

விரல் பொத்தானைத் தட்டுகிறது.
நியூட்ரோஃபில். நியூட்ரோஃபில்.
ஒரு லிம்போசைட்: உடம்பெல்லாம் கரு,
எந்த வயசிலோ வந்துபோன அம்மையின்
முகத்தை இன்னும் மறக்காத இனம்.
மறுபடி நியூட்ரோஃபில்,
நியூட்ரோஃபில்,
மூன்று முடிச்சிட்ட நூலை விழுங்கியதுபோல் ஒவ்வொன்றும்.

அப்புறம் இவை.
முடிச்சு விழாதவை.
கரு ஒரே வளைவாக, மாட்டு லாடம்போல.
எலும்புக்குள் இன்னும் ஓரிரு நாள்
இருந்திருக்க வேண்டியவை.
ஆள் போதவில்லையென்று அனுப்பிவிட்டார்கள்.
ஒன்பது. பத்து.
பதினொன்று.

நூறானால் கருவி மணியடிக்கும்.
அடித்தது.

ரத்தத்தில் சில மணி நேரம் சுற்றும்.
புண்ணின் சேதி கிடைத்ததும்
குழாய்ச் சுவரில் உருண்டு, உரசி, நின்று,
உடம்பை ஒடுக்கி இடுக்கில் நுழையும்.
போனவை அநேகமாகத் திரும்புவதில்லை.
கிருமியை விழுங்கும், விழுங்கியதோடு வேகும்.
சில, தன் கருவையே அவிழ்த்து
வலையாக வீசிவிட்டுச் சாகும்.
சீழ் என்கிறோம்,
மூக்கைச் சுளித்துக்கொண்டு.

டூட்டிக்கு வரும் பஸ் அருங்காட்சியகத்தைத் தாண்டித்தான் வரும்.
உள்ளே நடுகற்கள். வில்லோடு ஒருத்தன்,
உடம்பில் அம்புகள், காலடியில் மாடுகள்.
தொறு மீட்டுப் பட்டான் என்று
எவனோ கல்தச்சன் குனிந்து வெட்டியிருக்கிறான்.
ரிப்போர்ட்டை நிரப்பும்போது அது நினைவுக்கு வந்தது.
அதற்குள் கரண்ட் போய்விட்டது.
ஜெனரேட்டர் எடுக்கும்வரை
பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

காலையில் டாக்டர் கீறினார்.
அரைக் கிண்ணம் வந்தது என்றாள் நர்ஸ் சுகந்தி.
பஞ்சு, துணி, எல்லாம்
மஞ்சள் பைக்குள் போயின.
பையின்மேல் எழுதியிருந்தது வார்டு நம்பர்.

மத்தியானம் ஒற்றைக்காலில் ஜன்னலுக்கு வந்தார்.
"எவ்ளோ இருக்குதும்மா?"
"பதினெட்டாயிரத்து நானூறு.
கடுகத்தனை ரத்தத்துல."
"அத்தினி பேரா!"
கட்டுப்போட்ட காலைப் பார்த்தார்.
"கூலி யாரு குடுக்கறது?"

சிரித்தேன்.
நான் பார்த்தது நூறு பேரைத்தான்,
மணி அடித்ததும் எழுந்துவிட்டேன் என்று
அவரிடம் சொல்லவில்லை.