வற்றம் 0.3

சாங்கி முனைப் படகுத்துறையில்
என் பையை அவிழ்த்துக் கொட்டினாள் நூர்ஹைசா.
குடை வேண்டாம். இரண்டாவது துவாலை வேண்டாம்.
இஸ்திரி போட்ட சட்டை எதற்கு,
அங்கே யாரைப் பார்க்க?
முறுக்கு டப்பாவை மட்டும்
காதருகே குலுக்கிப் பார்த்துவிட்டு
தன் பையில் வைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் பம்போட் கிளம்பும்.
நாங்கள் ஏழு பேர்.
வராத ஐந்து பேருக்கும் காசு கொடுத்தார் சியூ லெங்.
முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர்,
இனி யாருக்காகவும் நிற்பதில்லையாம்.

என் வேலை கரை வரைவது.
அலுவலகத் திரையில் கடல் நீலம், நிலம் சாம்பல்,
நடுவே நான் இழுக்கும் ஒற்றைக் கோடு.
ஆண்டுக்கு ஆண்டு அதைக் கொஞ்சம் தள்ளிவைப்பேன்,
மேசையில் தேநீர்க் கோப்பையை நகர்த்துவதுபோல.
அந்தக் கோடு நனைந்திருக்கும் என்று
ஒருநாளும் தோன்றியதில்லை.

உபினின் கிழக்குக் கரையில்
நேராக ஒரு முழம்கூட இல்லை.
பாறை.
பாறையில் மழை அறுத்த வாய்க்கால்கள்.
பிடித்துக்கொள்ளலாம் என்று கை வைத்த இடமெல்லாம் கொட்டலசு.
அதற்கப்பால் கண்டல் காடு,
வேர்களுக்கு மேல் கால் தூக்கி, வேர்களுக்குக் கீழ் தலை குனிந்து,
இரண்டு மணி நேரத்தில் நானூறு மீட்டர்.
வீட்டிலென்றால் இந்தத் தூரத்துக்கு
நடையா பேருந்தா என்று யோசித்திருப்பேன்.

இரவு, சக்கரம் இறக்கிய விமானங்கள்
ஒன்றன்பின் ஒன்றாக எதிர்க்கரையில் தாழ்ந்தன.
புக்கிட் பாத்தோக் தம்பதி
கூடாரத்துக்குச் சுவர் இல்லை என்பதை மறந்து
காணாமல் போன டார்ச் விளக்குக்காக
மெதுவாக, நெடுநேரம், சண்டை போட்டார்கள்.
காட்டுப்பன்றி ஒன்று ரொட்டியைத் தூக்கிப் போனது.
அப்போதுதான் இருவரும் சேர்ந்து கத்தினார்கள்.

விடிகாலை மூன்றரைக்கு எழுப்பினாள்.
நான்கு பன்னிரண்டுக்கு வற்றம்,
பூஜ்யம் புள்ளி மூன்று மீட்டர்.
கழுத்தில் தொங்கும் ஓத அட்டவணையை
தாலியைப்போல் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள்.

கடல் இல்லை.
நேற்று மாலை சோறு கழுவிய கடல்
எங்கோ இருட்டுக்குள் பேசிக்கொண்டிருந்தது.
நெற்றி விளக்கின் வட்டத்தில்
படுத்துக் கிடக்கும் கடற்புல்,
ஒரு நட்சத்திரமீன்,
மிதித்துவிடுவேனோ என்று நான் நின்ற இடத்தில்
மூச்சுவிடும் துளைகள், நூறு, இருநூறு.

சியூ லெங்கின் வலது பூட்ஸைச் சேறு வாங்கிக்கொண்டது.
நான்கு பேர் இழுத்ததில் கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை.
இன்னொரு முறை என்றார். இன்னொரு முறை.
நூர்ஹைசா அவரைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தாள்.
பிறகு அவர் பாதத்தில் ரப்பர் செருப்பொன்றை வைத்து
கயிற்றால் சுற்றிக் கட்டத் தொடங்கினாள்.

பேச்சு வேண்டுமே என்று கேட்டேன்:
இங்கே கரை எது?

முடிச்சைப் பல்லால் இறுக்கியபடி கேட்டாள்:
எத்தனை மணிக்கு?

மூன்றாம் நாள் வடக்கே வேலி.
காவலுக்குப் போட்ட இரும்பு வேலி,
கம்பிகளுக்கு இடையே ஜொகூரின் புகைபோக்கிகள்.
கரையை விட்டு உள்ளே திரும்பி
டுரியான் மரங்களுக்கு அடியில் அவசரமாக நடந்தோம்,
தலைமேல் கைவைத்து, சிரித்துக்கொண்டு.
தண்ணீர் ஆளுக்கு அரை பாட்டில்.
முறுக்கு பதினொன்று, ஏழு பேர்,
உடைந்ததை எப்படி எண்ணுவது என்பதில்
ஒரு மணி நேரம் போனது.

படகுத்துறையில் சியூ லெங்
யாரும் கேட்காமலே நின்று
கடைசி ஆள் ஏறும்வரை காத்திருந்தார்.

திங்கட்கிழமை.
சுட்டியைப் பிடித்தால் உள்ளங்கைக் கீறல் எரிகிறது.
நீலம், சாம்பல், கோடு.
கோப்பின் பெயரில் வழக்கம்போல் தேதி போட்டேன்.
பக்கத்தில் மணியும் சேர்த்தேன்: 4.12.

மேலாளர் கேட்டால் என்ன சொல்வது என்று
இன்னும் யோசிக்கவில்லை.